கரம்பையூர் ஏர்போர்ட்டுக்கு வேலி போட்ட கதை

கரம்பையூரில் சாயங்காலம் ஆகிவிட்டதை நாங்கள் கடிகாரத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டதில்லை. உப்பளத்துப் பக்கமிருந்து ஓர் இரைச்சல் கிளம்பி, மாதா கோயில் கோபுரத்தைத் தொட்டும் தொடாமலும் வளைந்து, எங்கள் நகராட்சி ஏர்போர்ட்டின் தலைக்கு மேல் வந்து நின்றால் சாயங்காலம். அது எங்கள் ஊர் பிளேன். மெட்ராஸுக்கு மெட்ராஸ் என்றே பேர் இருந்த காலத்தில், ஒருநாள் காலையில் ஒன்பது பேரை ஏற்றிக்கொண்டு போய் அன்றைக்குச் சாயங்காலமே சொன்ன நேரத்துக்குத் திரும்பி வந்தது, வந்ததே தவிர இறங்கவில்லை, அவ்வளவுதான் விஷயம். பெட்ரோல் எப்படித் தீராமல் இருக்கிறது, பகலெல்லாம் எங்கே போகிறது, உள்ளே இருப்பவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்றெல்லாம் வெளியூர்க்காரர்கள் என் கேன்டீனில் உட்கார்ந்து கேட்பார்கள். வடை ஆறுது, சாப்பிடுங்க என்று சொல்லிவிட்டு நான் என் வேலையைப் பார்ப்பேன்.

நகராட்சிக்கு எதற்கய்யா ஏர்போர்ட் என்று கேட்பதிலும் நியாயம் உண்டு. யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் போட்டுவிட்டு அப்படியே விட்டுப் போன ஓடுதளம் அது. கேட்பாரற்றுக் கிடந்ததை, சந்தைப்பேட்டை, சுடுகாடு, குடிதண்ணீர்த் தொட்டி இவற்றோடு சேர்த்து நகராட்சி தன் கணக்கில் எழுதிக்கொண்டது. அதற்கு முதல் மேனேஜராக வந்தவர் அமலதாஸ். தடித்த கண்ணாடி, எந்நேரமும் சட்டைப்பையில் ஒரு அளவு நாடா, எதைப் பார்த்தாலும் அதை இன்னும் கொஞ்சம் நல்லதாக்கினால் என்ன என்கிற நமைச்சல். ஓலைக் கொட்டகைக்கு ஓடு வேய்ந்தார், காற்றுத் திசை காட்டுகிற துணிப்பையை மாதா கோயில் கொடியேற்றத்தில் மிஞ்சிய துணியில் தைக்க வைத்தார், எனக்குக் கேன்டீன் போட இடம் கொடுத்ததும் அவர்தான். ஆனால் அவர் பெரிதாக ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்கு, ரன்வேயைச் சுற்றி ஒரு கம்பி வேலி.

ஊரே சிரித்தது. வேலி எதுக்கு மேனேஜர் சார், பிளேன் பக்கத்து வயல்ல மேஞ்சிருமா என்று கேட்டுவிட்டுச் சிரித்தவர்களில் நானும் உண்டு. அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நம்ம சனம் நல்ல சனம்ணே. நல்ல சனத்துக்குத்தான் வேலி வேணும். கெட்டவன் ஒளிஞ்சு ஓரமா வருவான், நல்லவன் நேரா நடுவுல வந்து நிப்பான்." இது என்ன பேச்சு என்று நாங்கள் விட்டுவிட்டோம். அந்த வேலிக்கு மேலிடத்தில் சொல்லி வழி பண்ணிக்கொண்டு வருகிறேன் என்றுதான் அவர் ஊரிலிருந்து கிளம்பிய அந்த முதல் பிளேனிலேயே ஏறினார். அவருடைய சம்சாரம் மரியபுஷ்பம், கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகாத பெண், ராத்திரிக்கு என்ன குழம்பு வைக்கட்டும் என்று படிக்கட்டு வரைக்கும் வந்து கேட்டாள். வந்து சொல்றேன் என்றார் அவர்.

சாயங்காலம் பிளேன் திரும்பியபோது ஊரில் ஒரு குஞ்சு குருமான் வீட்டில் இல்லை. நாகஸ்வரம் என்ன, மாலை என்ன, குலவை என்ன, நான் ஒரு அண்டா பாயசத்தோடு போயிருந்தேன். பிளேன் தாழ வந்தது, சக்கரம் தெரிந்தது, ஜன்னல் வழியாக அமலதாஸின் கண்ணாடிகூடப் பளபளத்தது, அப்புறம் சட்டென்று மூக்கைத் தூக்கி மேலே போய்விட்டது. நாங்கள் யாரும் பதறவில்லை. புது மாப்பிள்ளை ஊரைச் சுற்றாமல் நேரே வீட்டுக்குள் வருவானா, தேர்தான் வீதி சுற்றாமல் நிலைக்கு வருமா, மரியாதைக்கு ஒரு சுற்று சுற்றுகிறது என்றார் பெரியவர் ஒருவர், சரிதான் என்றோம். ஒரு சுற்று இரண்டாயிற்று, இரண்டு நாலாயிற்று, ஜன்னலெல்லாம் கைகள் ஆடின, நாங்களும் கை வலிக்க வலிக்க ஆட்டினோம், இருட்டியதும் அது உப்பளத்துப் பக்கம் போய்விட்டது. மறுநாள் சாயங்காலம் சொல்லி வைத்தாற்போல் வந்தது. நாங்களும் போனோம்.

அப்படித்தான் அது எங்களுக்குப் பழகிப் போயிற்று. அழுதவர்கள் ஒரு மாசம் அழுதார்கள். மனுஷர் கண்ணுக்குத் தெரிகிறார், தினம் வருகிறார், கையை ஆட்டுகிறார், அதற்கு மேல் எப்படி அழுவது? துபாய்க்குப் போன புருஷனைவிட இது எவ்வளவோ மேல் என்று பெண்கள் சொல்லிக்கொண்டார்கள். சாயங்காலமானால் தலையை வாரிப் பூ வைத்துக்கொண்டு ரன்வேக்குப் போவது வழக்கமாயிற்று, சுண்டல்காரர் வந்தார், பலூன்காரர் வந்தார், பிறந்த குழந்தையைத் தொட்டிலில் போடுமுன் ரன்வேக்குக் கொண்டுவந்து தூக்கிக் காட்டுவது முறையாயிற்று. மேலே இருந்தவர்களில் ஒருத்தியின் மகனுக்குப் பெண் பார்த்தபோது, மாமியார்க்காரி பார்க்க வேண்டாமா என்று பெண்ணைப் பட்டுப்புடவையோடு ரன்வே நடுவில் நிறுத்தினோம், அந்த அம்மா இரண்டு கையையும் ஆட்டு ஆட்டென்று ஆட்டினாள், சம்மதம் என்று தாம்பூலம் மாற்றிக்கொண்டோம். ரேஷன் கார்டில் அவர்கள் பேரை யாரும் எடுக்கவில்லை. தேர்தல் வந்தால் கட்சிக்காரர்கள் சின்னத்தை ரன்வேயில் வானத்தைப் பார்க்க வரைந்தார்கள்.

வரைவது என்றதும் சுண்ணாம்பைச் சொல்ல வேண்டும். எப்படி ஆரம்பித்தது என்று நினைவில்லை, ஆளாளுக்கு ஒரு வாளிச் சுண்ணாம்பும் பனைமட்டையுமாக வந்து, மேலே இருப்பவர்கள் படிக்கிற மாதிரி ஆள் உயர எழுத்தில் சேதி எழுதினோம். செல்விக்குப் பெண் குழந்தை. மேலத்தெருக் கிணறு வற்றிவிட்டது. ரைஸ்மில் சோலைமலை மேலே இருந்தார், அவர் மகன் பாண்டித்துரை மில்லை விற்றுக் கல்யாண மண்டபம் கட்டிவிட்டான். ஆனாலும் வருஷக்கணக்காக, அப்புறம் நகராட்சித் தலைவரான பிறகும்கூட, அப்பா, மில் நன்றாக ஓடுகிறது என்று தினமும் தன் கையாலேயே எழுதினான். யாரும் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. மேலே போனவர்களுக்கு எல்லாரும் கொஞ்சம் நல்லதாகத்தானே எழுதுவார்கள். மழை வந்து அழித்தால் மறுபடி எழுதினோம், ஓரமெல்லாம் வெள்ளை வெளேரென்று ரன்வே ஒரு கல்யாண வீட்டு வாசல் மாதிரி இருக்கும்.

மரியபுஷ்பம் மட்டும் ஊர்ச் சேதி எதுவும் எழுதமாட்டாள். ரன்வேயின் மேற்குக் கோடியில் தனக்கென்று ஒரு மூலை வைத்துக்கொண்டு, அன்றைக்கு வீட்டில் என்ன குழம்போ அதை எழுதுவாள். மீன் குழம்பு. வெறும் ரசம். தீபாவளியன்றைக்கு அடுத்த வீட்டுக்காரர்கள் கொடுத்தனுப்பிய கறிக் குழம்பு. இருபத்தைந்து வருஷம், ஒருநாள் தவறாமல்.

புருஷன் வேலையை நகராட்சி அவளுக்குத்தான் கொடுத்தது. கருணை அடிப்படையில் கொடுக்கலாம் என்றால் ஆள் சாகவில்லை, விடுப்பு என்றால் தினமும் ஆபீஸ் தலைக்கு மேல் வந்து போகிறார். மூன்று கூட்டம் போட்டு மண்டையை உடைத்துக்கொண்டு, அமலதாஸ் இறங்கி வந்து கையெழுத்துப் போடும்வரை மேனேஜர் பொறுப்பு என்று தீர்மானம் போட்டார்கள். மேஜைமேல் இருந்த பலகையில் மரியபுஷ்பம், மேனேஜர் (பொறுப்பு) என்று எழுதினார்கள், அந்த அடைப்புக்குறி அப்படியே இருந்தது, அவள் தலை நரைத்தது. மேலே ஜன்னலில் தெரிந்த அமலதாஸுக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை. அதுதான் அவளுக்குக் குத்தியது. ஒருநாள் டீ குடித்துக்கொண்டே, "இன்னும் கொஞ்ச நாள் போனா மேல இருக்கவருக்கு என்னைப் பாத்து அம்மான்னு கூப்பிடத் தோணும்ணே" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

இப்படி இருக்கையில் மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, என் வடையை எண்ணெய் என்று ஒதுக்கி வைத்த ஆட்கள், அவர்களை எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. சின்ன ஊர்களுக்கெல்லாம் பிளேன் விடப் போகிறார்களாம், கரம்பையூர் ஏர்போர்ட்டை ஒழுங்காக மேம்படுத்தினால் தினமும் ஒரு பிளேன் வரும், இல்லையென்றால் லைசென்ஸை ரத்து செய்துவிட்டு அந்த இடத்தைக் காய்கறி மொத்த மார்க்கெட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். ரன்வே நீளம் போதாது, தார் போட வேண்டும், விளக்கு வேண்டும், உட்கார இடம் வேண்டும், வேலி வேண்டும். அன்றைக்குச் சாயங்காலம் நம்ம பிளேன் வந்து வளைந்தபோது, இதையும் ஏதாவது ஒரு வழி பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்கள்.

மரியபுஷ்பம் மறுநாளே அமலதாஸின் அளவு நாடாவை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். எதை முதலில் செய்தால் எது தானாக நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும், குடும்பம் நடத்துகிற பொம்பளைக்குத் தெரியாதா? முதலில் ரன்வேயை நீட்டலாம் என்றாள். எழுத இடம் கூடும் என்று ஊரே சந்தோஷப்பட்டு மண்வெட்டியோடு வந்தது. கிழக்கே முள்ளுக்காட்டை வெட்டி, மண்ணைக் கொட்டி, ரோலர் விட்டு, பழைய ரன்வேயோடு பாதிக்கு மேல் சேர்த்து நீட்டி, ஆபீஸ் வாசல்வரை கொண்டுவந்துவிட்டோம். விளக்குக் கம்பம் நட்டோம், உட்கார இடம் கட்டினோம், கக்கூஸ் கட்டினோம், என் கேன்டீனுக்குக்கூட ஒரு குழாய் வந்தது. எல்லாம் முடிந்தபிறகு கடைசியாக வேலியை எடுத்தாள், ஊர் அவள்மேல் பாய்ந்தது.

நகராட்சிக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். வேலி போட்டு ரன்வேக்குள் ஆள் வரக்கூடாது என்றால் சேதி யார் எழுதுவது, பிள்ளையை யார் தூக்கிக் காட்டுவது, கீழே ஒரு ஈ காக்கா இல்லை என்றால் மேலே இருப்பவர்களுக்கு மனசு விட்டுப் போகாதா, நம்மளை மறந்துட்டாங்க என்று அப்படியே வேற ஊரைப் பார்க்கப் போய்விட்டால் என்ன செய்வது என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். பாண்டித்துரைதான் தலைவர், கடைசியில் அவனே கேட்டான்.

"எங்கப்பா தினமும் என்னைப் பாத்துட்டுத்தான் போறாரு, மேனேஜரம்மா. வேலியப் போட்டுட்டு அவரு மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

மரியபுஷ்பம் எழுந்து நின்றாள்.

"என் வீட்டுக்காரரும் அதுலதான் இருக்காரு, தலைவரே. மார்க்கெட் வந்துட்டா தக்காளிக்கூடைக்கு மேலயா அவங்க சுத்துவாங்க? என்னைக்காவது எறங்கணும்னு தோணுச்சுன்னா அதுக்கு ஒரு எடமாவது இருக்க வேணாமா? நான் பாக்காட்டிப் போறேன். எடம் இருக்கட்டும். வேலி போட்டா நானும் வெளியதான் நிப்பேன், உள்ள போகமாட்டேன்."

பதில் இல்லாவிட்டால் ஊர் ஏசும், ஏசியது. கல்நெஞ்சக்காரி என்றார்கள், புருஷன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு புருஷனையே துரத்துகிறாள் என்றார்கள், அவளுக்குத் தலைமுடி நரைத்துவிட்டது, இளவட்டமாக இருக்கிற மனுஷனைப் பார்க்க வெட்கம் என்று ஒருத்தி சொன்னாள், அந்த வாயில் புழு வைக்கும் என்று நான் சபித்தேன். கம்பம் ஊன்ற உள்ளூர் ஆள் யாரும் வரவில்லை. வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்து, ஒவ்வொரு கம்பத்தையும் தானே ஆட்டிப் பார்த்து, சரியில்லாததைப் பிடுங்கி மறுபடி ஊன்றச் சொல்லி, கம்பி இழுத்து, கதவுக்குப் பூட்டு வாங்கி அவளே பூட்டினாள். பூட்டிவிட்டு நேரே என் கேன்டீனுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள், இருபத்தைந்து வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஒரு டீ போட்டு வைத்தேன். தொடவில்லை.

சாயங்காலமாயிற்று. ஊர் முழுக்க வேலிக்கு வெளியே வந்து நின்றது, கையில் சுண்ணாம்பு வாளி, கம்பியைப் பிடித்தபடி குழந்தைகள். உள்ளே ரன்வே துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. முந்தின நாள் மழையில் எழுத்தெல்லாம் போயிருந்தது, மேற்கு மூலையில்கூட ஒன்றும் இல்லை. அது எங்களுக்கே பார்க்கச் சகிக்கவில்லை, சாவு விழுந்த வீடு மாதிரி இருக்கே என்றாள் யாரோ. உப்பளத்துப் பக்கம் இரைச்சல் கேட்டது. கோபுரத்தை ஒட்டி வளைந்தது. ஒரு சுற்று சுற்றியது, கீழே பார்த்தது என்றுதான் சொல்லவேண்டும், அப்புறம் தாழ்ந்தது. இன்னும் தாழ்ந்தது. தினமும் மூக்கைத் தூக்குகிற இடத்தில் அது மூக்கைத் தூக்கவில்லை.

சக்கரம் தரையைத் தொட்ட சத்தத்தை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். பழைய ரன்வேயில் ஓடி, மேற்குக் கோடியில் போய் நின்றது. இரைச்சல் அடங்கிற்று. பிறந்ததிலிருந்து அந்த இரைச்சல் இல்லாத சாயங்காலத்தை அறியாத பிள்ளைகள் பயந்துபோய் அழ ஆரம்பித்தன. கதவு திறந்தது. ஒவ்வொருவராக இறங்கினார்கள், நடக்க ஆரம்பித்தார்கள், நடக்க நடக்க அவர்கள்மேல் வயசு ஏறியது. நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம், பஸ்ஸில் வந்தவர்மேல் தூசி படிகிற மாதிரி அது அவ்வளவு சாதாரணமாக நடந்தது. முதல் விளக்குக் கம்பத்தைத் தாண்டுகையில் காதோரம் நரை, இரண்டாவதில் தொந்தி, பழைய ரன்வே முடிகிற இடத்தில் ஒருத்தி குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். பைலட் தலை வழுக்கையாகி, தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே வந்தார். சோலைமலை கூன் விழுந்து, நடந்துகொண்டே, மில்லு ஓடுதாடா என்று அங்கிருந்தே கேட்டார். தலைவர் பாண்டித்துரை என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அழுதான், சிரிக்கவும் செய்தான்.

அமலதாஸ் கடைசியாக வந்தார். முப்பது வயசுக்காரராக இறங்கினவர், பாதி வழியில் நாற்பது, எங்கள் பக்கம் வரவர ஐம்பது. ரன்வேயை மட்டும் நாங்கள் நீட்டாமல் விட்டிருந்தால் அவர் அத்தனை வயசும் ஏறாமலே வாசலுக்கு வந்திருப்பார் என்று இன்றைக்கும் நான் நினைத்துக்கொள்வேன். புதிதாகப் போட்ட மண்ணில்தான் மிச்ச வருஷமெல்லாம் அவர்மேல் ஏறியது. வேலிக் கதவுக்கு வந்து சேர்ந்தபோது அவர் மரியபுஷ்பத்தைவிட மூன்று வயசு மூத்தவர், கல்யாணத்தன்றைக்கு எப்படியோ அப்படி.

புதுப் பூட்டு, சாவி திரும்பவில்லை. கம்பிக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவர்.

"எத்தனை வருஷமா கையை ஆட்டுறேன், புஷ்பம்" என்றார். "தள்ளி நில்லுங்க, தள்ளி நில்லுங்கன்னு. பைலட்டும் ஆட்டுறாரு, எல்லாரும் ஆட்டுறோம். நீங்க பதிலுக்கு ஆட்டுறீங்க."

வேலியோரம் நின்ற எங்களுக்கு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க முடியவில்லை. இருபத்தைந்து வருஷம் நடுவில் நின்று வரவேற்றிருக்கிறோம். சிலர் சுண்ணாம்பு வாளியை மெதுவாகக் கீழே வைத்தார்கள். அமலதாஸ் எங்களை ஏசவில்லை. பக்கத்துக் கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார், அது அசையவில்லை, நல்லா ஊனியிருக்கே என்றார். நான்தான் ஊன வச்சேன் என்றாள் அவள். தெரியும், மேலயிருந்து பாத்தேன் என்றார். சாவி திரும்பியது.

கதவைத் திறந்ததும் அவர் வெளியே வராமல் அங்கேயே நின்றார். அவள் முகத்தையே பார்த்தார், நரைத்த வகிட்டைப் பார்த்தார், அப்புறம் திரும்பி ரன்வேயின் மேற்கு மூலையைப் பார்த்தார்.

"இன்னைக்கு என்ன குழம்புன்னு எழுதலையே."

"இன்னைக்கு ஒண்ணும் வைக்கலங்க" என்றாள் மரியபுஷ்பம். அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.